பெரிய சனி இரவு அம்மாவும் கோயிலில் இருக்க: ஈஸ்டருக்கு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

வெளியூரில் வேலை பார்க்கும் கத்தோலிக்கப் பிள்ளைகள் சென்னையில் ராயபுரத்துக்கோ பெரம்பூருக்கோ பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை சாயங்காலம்தான் வந்து இறங்குகிறார்கள். அதற்குள் அம்மா வீடு கழுவி, மாவு அரைத்து, மசாலா வதக்கி ஓய்ந்துபோயிருப்பார். ராத்திரி எல்லோரும் திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டர் இரவுப் பூசைக்கு, கிளம்பும்போது, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு முடியல" என்பார். வருடத்தின் மிகப் பெரிய பூசையை வீட்டுக்காக உழைத்தவரே தவறவிடுவது நியாயமில்லை. அதற்கு ஏற்றபடி திட்டம் போடுங்கள்.

வியாழக்கிழமையே வந்து சேருங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் ஈஸ்டருக்கு 46 நாள் முன்னால் வரும். ஆகவே தவக்காலம் தொடங்கிய பிறகு டிக்கெட் தேடினால் காத்திருப்புப் பட்டியல்தான். 2027-ல் ஈஸ்டர் மார்ச் 28, 2028-ல் ஏப்ரல் 16. பாவசங்கீர்த்தனத்தையும் (குருவிடம் பாவ அறிக்கை செய்வது) ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பெரிய வாரத்தில் வரிசை நீளம், குருக்களுக்கும் நேரம் இருக்காது.

பெரிய வெள்ளியன்று 18 வயது முதல் 59 வயது நிறையும் வரை ஒருசந்தி: ஒரு முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் சேர்ந்தாலும் இன்னொரு முழுச் சாப்பாடு ஆகாத அளவு. சுத்தபோசனம், அதாவது கறி தவிர்ப்பது, 14 வயது நிறைந்த எல்லோருக்கும். நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடும் அப்பா வீம்புக்குப் பட்டினி கிடந்து, மூன்று மணி வழிபாட்டில் சிலுவை முத்தி செய்ய நிற்கும்போது தலை சுற்றி உட்காருவது பல வீடுகளில் நடக்கிறது. அவருக்கு மதியம் கஞ்சி கட்டாயம் கொடுங்கள். ஒரு டம்ளர் நொய், கால் டம்ளர் பாசிப்பருப்பு, அரை ஸ்பூன் வெந்தயம், பத்துப் பல் பூண்டு, எட்டு டம்ளர் தண்ணீர். தேங்காய்த் துவையல் போதும்.

இனி சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போடுங்கள். பத்துப் பேருக்குத் தாராளம். ஒரு மணிக்குள் அரைத்துவிட வேண்டும். இந்த வெயிலுக்கு இரவு எட்டு, ஒன்பதுக்கே மாவு பொங்கிவிடும். கோயிலுக்குக் கிளம்புமுன் ஃப்ரிட்ஜில் வைக்க மறந்தால், திரும்பி வரும்போது மேடையெல்லாம் வழிந்து புளித்துக் கிடக்கும்.

கறி வாங்குவது உங்கள் வேலை. ஞாயிறு காலை கறிக்கடையில் நிற்க முடியாது. வெள்ளிக்கிழமையே சொல்லிவைத்து, சனி சாயங்காலம் வாங்கிவிடுங்கள். பெரிய சனிக்குச் சுத்தபோசனம் கட்டளை இல்லைதான். ஆனாலும் பூசை முடியும்வரை பல வீடுகளில் கவிச்சி வாயில் படாது. அதனால் உப்பு பார்க்க முடியாது, அளந்துதான் போட வேண்டும். ஒன்றரைக் கிலோ கறிக்குத் தலைதட்டிய நான்கு டீஸ்பூன் தூளுப்பு. குறைந்தால் காலையில் சேர்த்துக்கொள்ளலாம். குழம்பு ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். அடுப்பு மேல் விட்டால் விடிவதற்குள் கெட்டுவிடும். ஆறு மணிக்குச் சமையலறை விளக்கை அணைத்து, அம்மாவை இரண்டு மணி நேரம் படுக்க வையுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நற்கருணைக்கு (பூசையில் வாங்கும் அப்பம்) ஒரு மணி நேரம் முன்பு உணவு நிறுத்தினால் போதும் என்பதால், ஒன்பது மணிக்கு எல்லோரும் லேசாகச் சாப்பிடலாம். திருவிழிப்பு பதினொரு மணிக்கு என்றால் பத்தேகாலுக்கே ஒருவர் போய், ஓரமாக, சாய்வுள்ள இடமாகப் பிடிக்க வேண்டும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் மட்டும் ஏழு வரை போகும். இரண்டரை மணி நேரம் முதுகு தாங்க வேண்டும். மெழுகுதிரிக்குப் பேப்பர் கப் மாட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் தீ வாங்கும்போது எரியாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். எரிகிறதைச் சாய்த்தால் உருகின மெழுகு நேராகப் பட்டுச்சேலையில் விழும். விழுந்தால் தேய்க்காமல் இறுகவிட்டு, பிறகு டிரை வாஷுக்குக் கொடுங்கள். 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கும்போது விளக்குகள், மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில். சில கோயில்களில் வெடியும் உண்டு. மடியில் தூங்கும் குழந்தையின் காதை அதற்கு முன்பே பொத்திக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவரல்லாத மருமகனோ மருமகளோ வந்திருந்தால், நற்கருணை நேரத்தில் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். வரிசையில் போய் முழிக்க வேண்டியிருக்காது.

திரும்பும்போது மணி ஒன்றரை ஆகிவிடும், மெட்ரோ கிடையாது. தெரிந்த ஆட்டோக்காரரிடம் சாயங்காலமே பேசிவையுங்கள்.

திருவிழிப்புக்கு வர முடியாத பாட்டியைக் காலைப் பூசைக்கு ஒருவர் அழைத்துப் போக வேண்டும். நடக்கவே முடியாதவர் என்றால், வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரும்படி முந்தின வாரமே அன்பியப் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகளின் குழு) பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

காசிமேட்டுக் கல்லறையில் தாத்தா இருந்தால் ஞாயிறு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் போய்வாருங்கள். அந்நேரம் கடல்காற்று வீசும், திரி நிற்காது. காலி பால் பவுடர் டின்னில் இரண்டங்குலம் மண் போட்டு, இரவு திருவிழிப்பில் பாதி எரிந்த திரிகளை அதில் நட்டு ஏற்றுங்கள்.