தேங்காயிலிருந்து வரும் மென்மையான கழுவுபொருட்களைத் தெரிவு செய்வது எப்படி?

தை, மாசி மாதங்களின் வறண்ட குளிரில் பீலித் தண்ணீரில் முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிப்பதையும், கொழுந்து பறிக்கும் கைகளில் விரலிடுக்குகள் வெடிப்பதையும் மலையகத்தவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. குளிரை மாற்ற நம்மால் இயலாது. கழுவும் பொருளை மாற்ற இயலும். ஆனால் அதற்காகக் கடைக்குச் செல்பவர், தேங்காய்ப் படம் போட்ட போத்தலை மென்மையானது என நம்பி எடுத்துவிடக் கூடாது.

தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலமாகும். தோலை வறட்டும் சோடியம் லோரில் சல்பேட்டையும் அந்த எண்ணெயிலிருந்தே செய்யலாம். குழந்தைகளுக்கான ஷாம்புகளில் சேர்க்கப்படும் மென்மையான குளுக்கோசைட்டுகளையும் அதிலிருந்தே செய்யலாம். ஆகவே போத்தலைத் திருப்பி, பின்புறத்தில் ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருட் பட்டியலைப் படியுங்கள். அதிக அளவில் சேர்க்கப்பட்டவை முதலில் வருவது வழக்கம் என்பதால், தண்ணீரை அடுத்து வரும் மூன்று நான்கு பெயர்களைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

பெயரின் கடைசிச் சொல்லே இங்கு முக்கியமானது. லோரில் சல்பேட், லோரில் குளுக்கோசைட் ஆகிய இரண்டும் ஒரே சொல்லில் தொடங்கினாலும் குணத்தில் வேறானவை. கோகோ (Coco, தேங்காயைக் குறிப்பது) குளுக்கோசைட், டெசில் குளுக்கோசைட் போன்றவை, எண்ணெயிலிருந்து பெறும் கொழுப்பு ஆல்கஹோலைச் சர்க்கரையுடன் இணைத்துச் செய்யப்படுபவை. சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், சவர்க்காரம் அல்லாத கழுவு கட்டிகளில் இடம்பெறுவது. கட்டியாகவே வாங்க விரும்புபவர்கள் இதைத் தேடலாம். கோகோயில் குளுட்டமேட், அமினோ அமிலத்துடன் இணைந்தது, முகத்துக்கு ஏற்றது. கோகமிடோபுரோப்பில் பீட்டெய்ன் பெரும்பாலும் துணைப்பொருளாகவே வரும். சல்பேட் வகைக் கழுவுபொருளான சோடியம் லோரெத் சல்பேட்டுடன் சேரும்போது அதன் கடுமையைக் குறைக்கும். அதற்காக அதை எல்லோருக்கும் பாதுகாப்பானதெனக் கொள்ள முடியாது: அதன் தயாரிப்பில் எஞ்சும் மாசுகள் சிலருக்கு ஒவ்வாமையைத் தருவதால், அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2004ஆம் ஆண்டுக்குரிய ஒவ்வாமைப் பொருளாக இதனை அறிவித்தது. குளுக்கோசைட்டுகளும் 2017இல் அவ்வாறே அறிவிக்கப்பட்டன.

சோடியம் கோகோவேட் என்பது தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரமே. நுரை நிறைய வரும். ஆயினும் தோலின் இயல்பான அமிலநிலை ஏறத்தாழ பிஎச் (அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) 5 ஆக இருக்கையில், சவர்க்காரம் பிஎச் 9 முதல் 10 வரையான காரத்தன்மை உடையது. வீட்டில் காய்ச்சிய சவர்க்காரமும் இதற்கு விலக்கல்ல. வெடித்த கைகளுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

புதிதாக வாங்கியதை உடனே முகத்தில் பூச வேண்டாம். முழங்கையின் உட்புறத்தில் சிறிய இடமொன்றில் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். நாளுக்கு இருமுறையாக ஏழு முதல் பத்து நாட்கள் இவ்வாறு செய்து, அரிப்போ சிவப்போ தோன்றாவிட்டால் பயன்படுத்தத் தொடங்கலாம்.

மென்மையான பொருட்கள் சிலவற்றில் நுரை குறைவாகவே வரும். அதனால் அழுக்குப் போகவில்லை என எண்ணி மேலும் மேலும் ஊற்ற வேண்டியதில்லை. எண்ணெய் வைத்த தலையாயின், சிறிதளவு எடுத்து இருமுறை கழுவினால் போதும். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு மென்மையான பொருளும் பயன் தராது, வெதுவெதுப்பே போதுமானது. ஷாம்பு நீண்ட நாள் வர வேண்டுமென்று போத்தலில் தண்ணீர் கலந்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அப்படிச் செய்தால் பழுதடையாமல் காக்கும் பொருளும் நீர்த்துப்போய்க் கிருமிகள் பெருகும். தேவையான அளவை மட்டும், குளிக்கும் வேளையில் உள்ளங்கையில் கலந்துகொள்ளுங்கள். கழுவிய பின் ஈரத்தை ஒற்றியெடுத்து, தோல் முழுதாக உலர்வதற்கு முன் ஈரப்பதக் கிரீமோ சிறிதளவு தேங்காய் எண்ணெயோ பூசுங்கள்.