ஹெடர் அங்கே, லைப்ரரி இங்கே

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தன் திரையைக் காட்டினார். சி நிரல் கம்பைல் ஆகிறது, எச்சரிக்கை ஒன்றுகூட இல்லை, ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு நிரல் விழுகிறது. நான் முன்பு விழுந்த அதே குழி! இது போன்ற தவறுகளைச் சொல்கிறேன். பாதையில் எழுத்துப்பிழை மாதிரியானவற்றைக் கம்பைலரான ஜிசிசியே சொல்லிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மைனஸ் பெரிய ஐ கொடுத்துவிட்டு மைனஸ் பெரிய எல் மறப்பது

ரூட் அனுமதி இல்லாத சர்வர். ஒரு லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) புதிய பதிப்பை என் ஹோம் டைரக்டரியிலேயே நிறுவினேன். லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பான ஹெடர் இருக்கும் இடத்தை மைனஸ் பெரிய ஐ போட்டுச் சொன்னேன். லைப்ரரி இருக்கும் இடத்தைப் பெரிய எல் போட்டுச் சொல்லவில்லை. சிஸ்டத்தில் அதே பெயரில் பழைய பதிப்பு ஒன்று கிடந்தது. நிரலையும் லைப்ரரியையும் இணைக்கும் லிங்க்கர் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டது.

புதிய ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்ட்டின் (பல மதிப்புகளை அடுத்தடுத்து வைக்கும் அமைப்பின்) நடுவே 8 பைட் பாயின்ட்டர் ஒன்று கூடியிருந்தது. அதனால் பின்னால் இருந்த நீளம் என்ற மதிப்பு 8 பைட் தள்ளிப்போனது. பழைய லைப்ரரி நீளத்தை 16ஆம் பைட்டில் எழுதியது. என் நிரல் 24ஆம் பைட்டில் படித்தது. அங்கே இருந்த குப்பையை நீளம் என்று நம்பி மெமரி கேட்டது. நடுவில் ஒரு பிரின்ட்எஃப் (திரையில் அச்சிடும் வரி) சேர்த்தால் ஒழுங்காக ஓடும், எடுத்தால் விழும். மூன்று நாள் என் நிரலையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கம்பைலர் ஹெடரைத்தான் படிக்கிறது, லிங்க்கர் பெயரைத்தான் பார்க்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை, அதுதான் இன்றும் எரிச்சல். தரவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரி பரவாயில்லை: அதன் தொடக்க அழைப்பான டிஃப்லேட்இனிட்டைக் கூப்பிடும்போதே பதிப்பும் ஸ்ட்ரக்ட்டின் அளவும் கூடவே போகும், பொருந்தாவிட்டால் பிழை திரும்பும். நான் மாட்டிய லைப்ரரிக்கு அந்த நாகரிகம் இல்லை.

சந்தேகம் வந்தால் மைனஸ் பெரிய ஹெச் போட்டுக் கம்பைல் செய்யுங்கள். எந்த ஹெடர் எங்கிருந்து வந்தது என்று பட்டியல் வரும். அப்புறம் எல்டிடி: ஓடும்போது எந்த லைப்ரரி எங்கிருந்து வரும் என்று காட்டும் கட்டளை. தம்பியின் நிரலில் ஹெடர் ஹோமிலிருந்தும் லைப்ரரி சிஸ்டத்திலிருந்தும் வந்திருந்தது. பெரிய எல் சேர்த்தோம். பிறகும் எல்டிடி பழையதையே காட்டியது, ஏனென்றால் ஓடும்போது லைப்ரரியை ஏற்றும் லோடர் தனியாகத் தேடும். லோடர் தேட வேண்டிய பாதையை நிரலுக்குள்ளேயே குறிக்கும் ஆர்பாத்தும் வைத்த பிறகுதான் சரியானது.

சொந்த ஹெடருக்கு டைம் டாட் ஹெச் என்று பெயர் வைப்பது

மைனஸ் பெரிய ஐ டைரக்டரிகள்தான் சிஸ்டத்துக்கு முன்னால் தேடப்படும், அதனால் சிஸ்டத்தின் டைம் டாட் ஹெச்சுக்குப் பதில் உங்களுடையது உள்ளே வந்துவிடும். வைக்காதீர்கள்.

சிபாத்தின் கடைசியில் கோலன்

சிபாத் என்பது ஹெடர் தேடும் பாதைகளைக் கோலனால் பிரித்து வைக்கும் என்விரான்மென்ட் மாறி. புதிய பாதை, கோலன், பழைய மதிப்பு என்று ஷெல்லின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் எழுதுவோம். பழைய மதிப்பு காலி என்றால் கோலன் மட்டும் மிஞ்சும். ஜிசிசி அதை நடப்பு டைரக்டரி என்று எடுத்துக்கொள்ளும். எந்த டைரக்டரியில் நின்று கம்பைல் செய்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

யூஎஸ்ஆர் இன்க்ளூடை மைனஸ் ஐசிஸ்டமில் கொடுப்பது

மைனஸ் ஐசிஸ்டம் ஒரு டைரக்டரியைச் சிஸ்டம் ஹெடர்களின் இடமாகச் சேர்க்கும். யூஎஸ்ஆர் இன்க்ளூட் ஏற்கெனவே தேடும் வரிசையில் இருக்கிறது. ஜிசிசி 6 முதல், சி பிளஸ் பிளஸில் இப்படிக் கொடுத்தால் ஸ்டிடிலிப் டாட் ஹெச்சையே காணோம் என்று நின்றுவிடும்.