காந்தி மியூசியம் போறீங்களா? தமுக்கம் பங்களாவுல நம்மாளுங்க பண்ற தப்புங்க

மதுரைக்கு விருந்தாளி வந்தா காலைல மீனாட்சியம்மன் கோயில், மதியம் திருமலை நாயக்கர் மகால், அப்புறம் பஸ்சுக்கு இன்னும் நேரம் கிடக்குன்னா "அப்டியே காந்தி மியூசியத்தையும் ஒரு எட்டு பாத்துருவோம்"னு வண்டிய வைகை ஆத்துக்கு அங்கிட்டுத் திருப்புறதுதான் நம்ம ஊரு வழக்கம். அந்த "ஒரு எட்டு"தான் மொதத் தப்பு. மிச்சம் மீதி நேரத்துல பாத்து முடிக்கிற இடமில்ல அது, குறைஞ்சது ரெண்டு மணி நேரமாவது கையில வச்சுக்கிட்டு போங்க, இல்லாட்டி வேற நாள் போங்க.

அடுத்து, வெறும் "மியூசியம்"னு ஆட்டோக்காரர்கிட்ட சொல்லிட்டு ஏறுறது. அதே வளாகத்துக்குள்ள அரசு அருங்காட்சியகமும் இருக்கு, 1981ல வந்தது. அங்க போயி பழைய சிலையெல்லாம் பாத்துட்டு, காந்தி எங்கய்யா இதுலன்னு புலம்பிட்டே திரும்பிப் போனவங்க உண்டு. இன்னொரு கூட்டம் இதையும் மகாலையும் போட்டுக் குழப்பிக்கும், ஒளி ஒலிக் காட்சி எத்தனை மணிக்குன்னு இங்க வந்து கேக்கும். அது மகால்ல, இங்க கிடையாது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். வர்றவங்கள்ல பாதிப்பேரு இது என்ன கட்டடம்னே தெரியாம உள்ள நுழையுறாங்க. செருப்பைக் கழட்டிப்போட்டு, குனிஞ்ச தலை நிமிராம மொத படத்துக்குப் போயிடுறாங்க. கொஞ்சம் வெளிய நின்னு பாருங்க சாமி, அந்த வெள்ளைக் கட்டடத்தோட வளைவையும் மேல குவிமாடத்தையும். தமுக்கம்னு சொல்ற ராணி மங்கம்மாளோட கோடைக்கால அரண்மனை அது, நாயக்கர் காலத்து வேலை. அந்தம்மா பேரனுக்குப் பதிலா 1689லருந்து 1706 வரைக்கும் நாட்டை ஆண்டவங்க. எதுத்தாப்புல இருக்க தமுக்கம் மைதானத்துல அந்தக் காலத்துல நடந்த யானைச் சண்டையெல்லாம் இங்க இருந்துதான் வேடிக்கை பாத்ததாச் சொல்லுவாங்க. பின்னாடி ஆற்காட்டு நவாப் கைக்குப் போச்சு, அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கைக்குப் போச்சு, அப்புறம் வெள்ளைக்கார கலெக்டருங்க குடியிருந்த பங்களாவாச்சு. நாடு சுதந்திரம் வாங்கின பிறகு 1955ல சுமார் 13 ஏக்கரோட காந்தி நினைவு நிதிக்குக் குடுத்தாங்க, 1959 ஏப்ரல் 15ல நேரு வந்து தொறந்து வச்சாரு.

இது தெரிஞ்சுக்கிட்டு உள்ள போனா பாக்குற பார்வையே மாறிடும். கம்பெனிக்காரன் வந்ததுலருந்து 1947 வரைக்கும் நடந்த விடுதலைப் போராட்டத்தை 200க்கு மேல விளக்கப்படமா வரிசையா மாட்டியிருக்காங்க, யாரை எதுத்துப் போராடுனமோ அவனே படுத்துத் தூங்கின வீட்டுச் செவுத்துல! எனக்கு அந்த மியூசியத்துலயே பிடிச்ச விஷயம் இதுதான், ஆனா இதைப் பிள்ளைங்களுக்கு எடுத்துச் சொல்ற பெரியவங்களை நான் அதிகம் பாத்ததில்ல. அதுக்காக எல்லாப் படத்துக்குக் கீழயும் எழுதியிருக்கதை வரிவரியா வாசிக்கணும்னு சொல்லல, அதுவும் ஒரு தப்புதான், பாதியிலயே களைச்சுப்போயி பின்னாடி இருக்க நல்ல விஷயத்தையெல்லாம் கொட்டாவி விட்டுக்கிட்டே பாப்பீங்க. பிடிச்ச நாலு எடத்துல நில்லுங்க, போதும்.

காந்தி பயன்படுத்தின பொருள்ல அசலே 14 இருக்கு. அதுல எல்லாரும் தேடி ஓடுறது 1948 ஜனவரி 30ல அவரைச் சுட்டப்ப உடுத்தியிருந்த துணி. ரத்தக்கறைன்னதும் செவப்பா இருக்கும்னு நெனச்சுட்டு வர்ற பிள்ளைங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழுப்பா மங்கிப்போன கறையைப் பாத்து "இதா?"ன்னு கேக்கும், உடனே நம்மாளு "ஆமா வா வா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிடுவாரு. அவசரப்படாதீங்க. அங்க ஒருத்தரு நின்னு பாத்துக்கிட்டு இருந்தா முதுகைப் பிடிச்சுத் தள்ளாதீங்க, செல்பியும் வேண்டாம், எழவு வீட்டுல போட்டோவுக்குச் சிரிச்ச மாதிரி இருக்கும்.

அப்புறம் "காந்தி கோவணத்துக்கு மாறினது இங்கதான்"னு கைடு வேலை பாக்குற சித்தப்பா ஒருத்தரு எல்லாக் குடும்பத்துலயும் இருப்பாரு. இங்க இல்ல சித்தப்பா! 1921 செப்டம்பர் 22ல மேலமாசி வீதி 251ஏ வீட்டுல வச்சுத்தான் அவரு மேல்சட்டையெல்லாம் விட்டாரு, கீழ கதர்க்கடை இருக்கே, அந்தக் கட்டடம். அரை வேட்டியோட முதன்முதலா ஜனங்க முன்னாடி வந்து நின்ன எடம் காமராஜர் சாலையில இருக்க காந்தி பொட்டல். கோயிலுக்கு வர்றவங்க ரெண்டையும் அங்கயே முடிச்சுட்டு இங்கிட்டு வந்தா கதை கோர்வையா வரும்.

கோயில்னதும் ஞாபகம் வருது, காலைல கோயிலையும் மதியம் மியூசியத்தையும் தனித்தனியாப் பாத்துட்டுப் போயிடாதீங்க. 1934ல மதுரைக்கு வந்த காந்தி, ஒடுக்கப்பட்ட மக்களை விடாத கோயிலுக்குள்ள நானும் வரமாட்டேன்னுட்டாரு. 1939 ஜூலை 8ல மதுரை காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் அந்த மக்களைக் கூட்டிட்டு உள்ள போனாரு, அதுக்கப்புறம் 1946ல வந்தப்பதான் காந்தி மீனாட்சியைக் கும்பிட்டாரு. நீங்க காலைல சாதாரணமா நுழைஞ்ச அதே கோயில்தாங்க.

நாளு கிழமை பாக்காம கிளம்புறது இன்னொரு தலைவலி. வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம், பக்கத்துல அரசு மியூசியத்துக்கும் அன்னைக்குத்தான் லீவு. மதியம் சாப்பாட்டு நேரத்துல பூட்டிருவாங்க, அதனால ஒரு மணிக்குப் போயி கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. மராமத்து வேலைன்னு மூடி வைக்கிறதும் நடக்கும், அதனால வெளியூர்லருந்து வர்றவங்க ஒரு போனைப் போட்டு விசாரிச்சுட்டு வாங்க. சித்திரைத் திருவிழாவுல அழகரை ஜனங்க தல்லாகுளத்துல எதிர்கொண்டு வரவேற்குற எதிர்சேவை சமயம் அந்தப் பக்கம் மியூசியம் பாக்கவெல்லாம் வராதீங்க, கார் நகராது. தமுக்கத்துல பொருட்காட்சியோ புத்தகத் திருவிழாவோ நடந்தாலும் பார்க்கிங் பாடுதான்.

மரமும் நெழலும் நல்லாருக்குன்னு தோட்டத்துல தூக்குவாளியைத் தொறந்து புளிசாதத்தைப் பரிமாறுற வேலையை மட்டும் விட்டுருங்க, குடும்பத்தோட உக்காரணும்னா பக்கத்துலயே மாநகராட்சி எக்கோ பார்க் இருக்கு. ஊட்டி பங்களாவுல மாதிரி வராண்டாவுல உக்கார வச்சு டீ கொண்டாந்து குடுப்பாங்கன்னு வர்றவங்களுக்கு, தல்லாகுளம் பக்கம் டீக்கடைக்குப் பஞ்சமே இல்ல, சாயங்காலம் வடையும் சூடாக் கிடைக்கும். ஜிகர்தண்டாதான் வேணும்னு பிள்ளைங்க அடம் பிடிச்சா விளக்குத்தூண் பக்கம் போகணும், அதுக்கு மறுபடி ஆத்தைத் தாண்டணும், ஆபீஸ் விடுற நேரத்துல கோரிப்பாளையத்துல மாட்டினா அவ்வளவுதான், அதனால நாலரைக்கெல்லாம் கிளம்பிருங்க.