வெளிநாட்டுச் சமூகப்பணிப் பட்டத்தைப் பதிவுக்கு ஏற்கவைத்த கதை

வெளிநாட்டில் பெற்ற சமூகப்பணி முதுகலைப் பட்டத்தைக் காட்டி, சமூகப்பணியாளராகப் பதிவு பெற வாரியத்திடம் விண்ணப்பித்தபோது, களப்பயிற்சிக்குப் போதிய சான்று இல்லை என்ற ஒற்றை வரியோடு விண்ணப்பம் திரும்பி வந்தது.

நோட்டரி சான்றொப்பமிட்ட நகல்களை அனுப்பியும் பயனில்லை. பிறகு, தகுதி மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கட்டணம் செலுத்தி பட்டம் உள்நாட்டுப் பட்டத்துக்கு நிகரானது என்னும் இணைச் சான்றிதழ் பெற்றேன். அது பட்டத்தின் நிலையை மட்டுமே சொன்னது, படிப்பின் உள்ளடக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மதிப்பெண் பட்டியலை வரிவரியாகப் படித்தபோதுதான் சிக்கல் பிடிபட்டது. களப்பணி மற்றத் தாள்களைப் போல வெறும் மதிப்பெண்ணாக இருந்ததே தவிர, மணிக்கணக்கு எங்கும் இல்லை. இறுதித் தேர்வுக்குப் பின் நடந்த முழுநேரக் களப்பயிற்சியோ பட்டியலில் இடம்பெறவே இல்லை. பதிவு வாரியம் தேடியது அதைத்தான்.

எனவே பருவவாரியாக மணிநேரம், நிறுவனத்தின் தன்மை, மேற்பார்வையாளரின் கல்வித் தகுதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தருமாறு நான் படித்த துறையின் தலைவரிடம் கேட்டேன். ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளர் சமூகப்பணி படித்தவர் அல்லர் என்பதால், அங்கு வாரந்தோறும் தனிக் கலந்தாய்வு நடத்திய துறை ஆசிரியரின் பெயரும் தகுதியும் சேர்க்கப்பட்டன. கடிதத்தோடு இணைக்க வேண்டியது இன்றைய பாடத்திட்டம் அன்று, நாம் சேர்ந்த ஆண்டின் பாடத்திட்டம். கேட்டால் பெரும்பாலும் புதியதையே எடுத்துத் தருவார்கள். இவை அனைத்தும் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலிலிருந்து நேரடியாக வாரியத்துக்குச் சென்றன. அதன்பின் வேறு கேள்வி எதுவும் வரவில்லை, பதிவு கிடைத்தது.