நிறுத்திவைத்த கேம்பர் ட்ரெய்லரைக் களவுபோகாமல் காப்பது எப்படி? குமரி மாவட்டத்து உரிமையாளர்களுக்கு

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் நீண்ட வண்டிதான் நினைவுக்கு வரும். அதற்கு எஞ்சின் உண்டு. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும், உள்ளே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள கேம்பர் ட்ரெய்லருக்கு அது இல்லை. சாவியைத் திருப்பினால்தான் நகரும் என்ற கட்டுப்பாடு இல்லாததால், பொருத்தமான கொக்கி உள்ள எந்த ஜீப்பும் ஓரிரு நிமிடங்களில் அதை மாட்டிக்கொண்டு போய்விட முடியும். நாகர்கோவிலிலிருந்து மேற்கே களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், வடகிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம். நள்ளிரவில் கிளம்பினால் இரண்டுமே விடியுமுன் எட்டிவிடக்கூடிய தொலைவுதான். ஆகவே திருடனுக்கு ஆகும் நேரத்தையும் எழும் சத்தத்தையும் கூட்டுவதே நம்மால் செய்யக்கூடியது.

முதலில் கவனிக்க வேண்டியது கப்ளர். ட்ரெய்லரின் இழுவைச் சட்டத்தின் நுனியில் கிண்ணம்போல இருக்கும் இந்தப் பகுதி, காரின் பின்னால் உள்ள இரும்புக் குண்டின் மேல் அமர்கிறது. 50 மி.மீ. விட்டமுள்ள குண்டே பரவலாகப் புழங்குவதால், ஒருவருடைய காரின் குண்டு முன்பின் அறியாத இன்னொருவருடைய ட்ரெய்லருக்கும் பொருந்திவிடும். கைப்பிடியை மட்டும் பூட்டும் சிறு பூட்டு போதாது; கிண்ணத்தின் உட்குழியையே ஓர் இரும்புக் குண்டால் நிரப்பி, வெளியே முழுவதும் மூடிக்கொள்ளும் வகைப் பூட்டையே வாங்க வேண்டும். அப்படிப் பூட்டினாலும் கயிறோ சங்கிலியோ கட்டி இழுத்துப் போக வழி இருப்பதால், ஒரு சக்கரத்துக்காவது அதைச் சுழலவிடாமல் பிடிக்கும் கிளாம்ப் போட்டு, முன்னால் உள்ள சிறிய தாங்கு சக்கரத்தைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவது நல்லது. அந்தச் சிறு சக்கரம் இருந்தால் இரண்டு பேர் சத்தமில்லாமல் கையாலேயே வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிடலாம்.

மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் சக்கரங்களையே கழற்றிவிட்டு, அச்சை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தலாம். மழையில் நம் செம்மண்ணும் கடற்கரை மணலும் இளகும் என்பதால், ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடாமல் இதைச் செய்யக் கூடாது.

சங்கிலி போடுவோர் 10 மி.மீ.க்குக் குறையாத, கடினமாக்கப்பட்ட எஃகுச் சங்கிலியாகப் பார்த்து வாங்க வேண்டும். அது தரையில் கிடந்தால் தரையையே பட்டறைக்கல்லாக வைத்துச் சுத்தியலால் உடைத்துவிடலாம் என்பதால், தரையைத் தொடாதபடி இறுக்கமாகக் கட்ட வேண்டும். இரண்டடிக் குழி தோண்டி கான்கிரீட்டில் தடித்த யு போல்ட் ஒன்றைப் பதித்து, ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி இறுகவிட்டு, அதில் சங்கிலியைக் கோப்பது சிறந்த ஏற்பாடு. விளையில் நிற்கும் தென்னையில் கட்டலாமே என்று தோன்றும். ஆனால் திருடன் வராவிட்டாலும் தேங்காய் விழும், கேம்பரின் மெல்லிய கூரை அதைத் தாங்காது.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் மாவட்டத்தில் பூட்டுக்குத் திருடனுக்கு முன்பே வந்து சேரும் எதிரி உப்புக்காற்று. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்வதால் ஜூன் முதல் டிசம்பர் வரை ஈரம் விடுவதேயில்லை. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் சாதாரண இரும்புப் பூட்டு ஒரே மழைக்காலத்தில் இறுகிவிடக்கூடும். என்னுடைய பூட்டு ஒன்று அப்படித்தான் இறுகிப்போய், கட்டிங் மெஷினால் நானே அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. அது எவ்வளவு விரைவில் அறுபட்டது என்பதைக் கண்ட பிறகு ஒரே பூட்டை நம்பும் துணிவு எனக்குப் போய்விட்டது. பித்தளை உடலும் துருப்பிடிக்காத எஃகு வளையமும் கொண்ட பூட்டைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, சாவித் துளையில் கிராஃபைட் தூள் போட வேண்டும். அது கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சுரண்டிய தூளே உதவும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும், ஏனெனில் காற்றில் வரும் மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். துளையின் மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காது. விலை உயர்ந்த பூட்டை வாங்கிப் பராமரிக்காமல் விடுவதைவிட, நடுத்தரப் பூட்டைப் பராமரிப்பது மேல் என்பது என் கருத்து.

நிறுத்தும்போது கப்ளர் மதில் பக்கமாக இருக்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்புறத்தை மறித்துக் காரை நிறுத்தினால், காரை நகர்த்தாமல் ட்ரெய்லரைத் தொடவே முடியாது. ஆளில்லாத ரப்பர் தோட்டத்தில் விட்டுவைப்பது மறைவாக இருப்பதுபோல் தோன்றினாலும், அந்த மறைவு திருடனுக்கே உதவும். மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா போன்ற நாள்களில் தெருவே காலியாகும் என்பதால், வீட்டோடு இருக்கும் ஒருவரிடம் சொல்லிவைப்பது அவசியம்.

முழு வண்டியைவிட உள்ளே இருப்பவற்றை எடுத்துப் போவது எளிது. பேட்டரி, எரிவாயு சிலிண்டர், ஆவணங்கள் ஆகியவற்றை வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டு, திரைச்சீலையையும் அலமாரிக் கதவுகளையும் திறந்தே வைத்தால் எடுக்க எதுவுமில்லை என்பது வெளியிலிருந்தே தெரியும். ஜிபிஎஸ் கருவி வைப்பதாக இருந்தால், ட்ரெய்லரின் பேட்டரியை நம்பாமல் தனக்கென்று பேட்டரி உள்ளதாக வாங்கி, அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் வைக்காமல் மரம் அல்லது பிளாஸ்டிக் பகுதிக்குள் மறைக்க வேண்டும்.

அடையாளம் குறித்து ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆம் பிரிவின்படி ட்ரெய்லருக்குரிய பதிவெண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் வண்டியின் எண்ணும் ட்ரெய்லரில் காட்டப்பட வேண்டும். திருடன் பின்னால் தன் எண்ணை மாட்டிக்கொண்டாலும், பக்கவாட்டில் உங்கள் எண் பெரிதாகவும் எளிதில் அழியாதபடியும் இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். சேஸிஸ் எண்ணைப் படமெடுத்து வைத்து, அலமாரிக்குள் கண்ணில் படாத ஓரிடத்திலும் அதையே பொறித்துவிடுங்கள்.

பயணத்தின்போது திற்பரப்பு அருவியில் சாவியைக் கரையில் துணியோடு விட்டுக் குளிப்பதும், கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க எல்லோரும் ஒருசேர இறங்கிப் போவதும் தவிர்க்க வேண்டியவை.

களவு போய்விட்டால் உடனே 112க்கு அழைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, சம்பவ இடம் எந்த எல்லையில் இருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். காப்பீட்டு நிறுவனத்துக்கும், பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அன்றைக்கே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் திருட்டுக்கு இழப்பீடு கிடைக்காது என்பதால், ட்ரெய்லருக்கான பாலிசியில் திருட்டு சேர்ந்திருக்கிறதா என்பதை வண்டி கண்ணெதிரில் நிற்கும்போதே எடுத்துப் படித்துவிடுங்கள்.