மதுரை மெஸ்ஸில் சும்மா தலையாட்டாதீர்கள்

மதுரைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஏமாறுவது அந்தத் தட்டில்தான். இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும் சப்ளையர் ஒரு பெரிய தட்டோடு வந்து நிற்பார். சின்னச் சின்னக் கிண்ணங்களில் சுக்கா, குடல், ஈரல், அயிரை மீன், விரால் வறுவல், கோலா உருண்டை. "என்ன வைக்கட்டும்ணே?" பசி நேரம், தலை தானாக ஆடிவிடும்.

அதெல்லாம் சாப்பாட்டோடு சேர்ந்தது இல்லை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை. சாப்பாட்டு விலையில் வருவது சோறு, குழம்பு வகைகள், பொரியல், ரசம், மோர், அவ்வளவுதான். கோவையிலிருந்து வந்த என் மச்சான் ஒருமுறை ஏழு கிண்ணம் வாங்கி வைத்தார். பில்லைப் பார்த்ததும் பேசாமல் இன்னொரு டம்ளர் மோர் கேட்டார். "இது எவ்வளவுண்ணே?" என்று முதலிலேயே கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை, உள்ளூர்க்காரர்களே கேட்கிறோம். கறிக்குழம்பும் மீன் குழம்பும் எப்படியும் இலைக்கு வந்துவிடும். ரெண்டு பேருக்கு ஒரு சுக்கா, ஒரு மீன் போதும். பத்தாவிட்டால் அப்புறம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், தட்டு எங்கும் ஓடிவிடாது.

தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான். வேண்டாமென்றால் மூடியைத் திருகுவதற்குள் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நேரம். தூங்கா நகரம் என்று நம்பி நாலு மணிக்குச் சாப்பாடு தேடி அலையாதீர்கள். நள்ளிரவில் இட்லி கிடைக்கும் ஊர்தான், ஆனால் மூணு மணிக்கு மேல் பல மெஸ்களில் சோறு தீர்ந்திருக்கும். மீனாட்சியம்மன் கோயிலில் மதியம் நடை சாத்தியதும் மொத்தக் கூட்டமும் சுற்றியுள்ள கடைகளுக்குத்தான் வரும். கொஞ்சம் முன்னதாகவே உட்கார்ந்துவிடுவது நல்லது. தோசைமேல் முட்டையும் கொத்துக்கறியும் பரப்பிச் சுடும் கறி தோசை, பன் பரோட்டா எல்லாம் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பரோட்டாவுக்குச் சால்னா கேட்கக் கேட்க ஊற்றுவார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

ஜிகர்தண்டாவைச் சாப்பிட்ட கையோடு குடிப்பது இன்னொரு தவறு. சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம்: அதுவே அரைச் சாப்பாடு. மெஸ்கள் ஓய்ந்து கிடக்கும் அந்த நாலு மணிக்கு விளக்குத்தூண் பக்கம் போனால் சரியாக இருக்கும். பொழுது சாய்ந்த பிறகு என்றால் என் ஓட்டு சுக்கு தட்டிப்போட்ட பருத்திப்பாலுக்குத்தான்.

வரிசையில் நிற்கப் பிடிக்காதவர்கள் புரட்டாசியில் வாருங்கள். ஊரில் பாதிப் பேர் கவிச்சியைத் தொடமாட்டார்கள், மெஸ்ஸில் போனதும் இடம் கிடைக்கும்.