கழியோரக் காட்டை மீட்கத் திட்டம் போடுவது எப்படி? நாற்றுக்கு முன்னால் நீர்மட்டம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும், அங்கிருந்து மேற்கே திரும்பி கீழக்கரை, வாலிநோக்கம் வரைக்கும் கரையோரமாகப் போனால், கடல்நீர் உள்ளே புகுந்து வரும் ஓடைகளான கழிகளை ஒட்டி, உப்புப் பூத்த வெற்றுத் தரவை (மரமில்லாத வெளி) அங்கங்கே தென்படும். இங்கே அலையாத்தி நட்டால் என்ன என்று யோசிக்கும் ஊர்க்குழுக்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, நாற்று எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. அலையாத்தி மரங்களுக்குக் கண்டல் என்றும் பெயர். கண்டல் விதை நீரில் மிதந்து, தானே கரை ஒதுங்கி முளைக்கிற சாதி. பக்கத்தில் தாய்மரங்கள் இருந்தும் ஓரிடம் வெறுமையாகக் கிடக்கிறது என்றால், அங்கே குறைவது விதை அல்ல. அந்தக் குறையைக் கண்டுபிடிக்காமல் ஆயிரம் நாற்று வைத்தாலும் அடுத்த சித்திரை வெயிலில் குச்சிதான் மிஞ்சும்.

ஐந்து ஏக்கருக்கு உட்பட்ட ஒரு கழியோரத்தை ஊர்க்குழு ஒன்று மீட்கத் திட்டமிடுவதாக வைத்துக்கொண்டு, வேலையை வரிசைப்படி பார்ப்போம்.

1. எங்கே கை வைக்கக் கூடாது

வெற்று நிலமெல்லாம் கெட்டுப்போன நிலம் அல்ல. வற்றத்தில் (கடல்நீர் இறங்கும் நேரத்தில்) தெரியும் ஈரச் சேற்றுவெளியில் புரட்டாசி முடிந்து பங்குனி வரை உள்ளான் என்னும் கரைப்பறவைக் கூட்டங்கள் இரை தேடும். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் இறங்குவதும் இப்படித் திறந்து கிடக்கும் ஆழமில்லாத நீரில்தான். அந்த வெளியில் மரம் வைப்பது ஓர் உயிரினத்தின் சாப்பாட்டுத் தட்டை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுப்பது. கடல்புல் முளைத்த தரையிலும் நடக் கூடாது. பாக் விரிகுடாப் பக்கம் கரையை ஒட்டியே கடல்புல் இருக்கும்; அது கடல்பசுவுக்கும் மீன்குஞ்சுக்கும் உரியது. அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேடு அலையாத்திக்கான இடமே இல்லை. அங்கே சவுக்கு வைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கவே முடியாது. ஊர்க்குழுவின் வேலை நிலப்பகுதிக் கரையோடு நிற்கட்டும்.

2. நிலம் யாருடையது, அனுமதி யாரிடம்

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (நில உரிமைப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். கழி, தரவை பெரும்பாலும் புறம்போக்காக இருக்கும். நடுவில் பட்டாத் துண்டோ, குத்தகைக்குப் போன உப்பளமோ நுழைந்திருக்கலாம். சர்வே எண் வாரியாக ஒரு பட்டியல் எழுதுங்கள். அலையாத்தி இருக்கும் இடம் கடற்கரை ஒழுங்காற்று விதிகளின்படி மிக உயர்ந்த பாதுகாப்பு வகையில் வரும். 1,000 சதுர மீட்டருக்கு மேல் காடு இருந்தால் சுற்றிலும் 50 மீட்டர் காப்பு எல்லையும் உண்டு. அங்கே வாய்க்கால் வெட்டுவதும் மண் அள்ளும் வேலைதான், அதனால் சொந்த முடிவில் இறங்க வேண்டாம். வனத்துறையின் ராமநாதபுரம் வன உயிரினக் கோட்டத்துக்கு, ஊராட்சியின் தீர்மானத்தோடு எழுதிக் கொடுத்து, அவர்கள் மேற்பார்வையில் செய்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். தீர்மானத்துக்குக் கிராமசபை வேண்டும். ஜனவரி 26-ஐத் தவறவிட்டால் அடுத்தது மார்ச் 22, பிறகு மே 1. தேதியைப் பார்த்துத் திட்டமிடாவிட்டால் ஒரு பருவமே போய்விடும்.

கிராமசபைக்கு முன்பே பேச வேண்டியவர்கள் உண்டு. கழியில் கையால் நண்டு, இறால் பிடிக்கும் பெண்கள், வள்ளத்தைக் கட்டி நிறுத்துகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள். கண்டல் தழை ஆட்டுக்குப் பிடித்த தீனி. மேய்ச்சலுக்கு வேறு இடம் சொல்லாமல் வேலி மட்டும் போட்டால், வேலி ஒரு மாதம் தாங்காது. வள்ளம் போகிற பாதையை வரைபடத்தில் முதலில் குறித்துவிட்டு மிச்சத்தில் திட்டம் போடுங்கள்.

3. ஏன் அழிந்தது

வரைபடத்தை எடுத்துக்கொண்டு கழிமுகத்திலிருந்து உள்ளே நடங்கள். கீழ்க்கண்டவற்றில் ஒன்றோ இரண்டோ கட்டாயம் சிக்கும்.

- சாலையோ உப்பளக் கரையோ கைவிட்ட இறால் பண்ணையின் வரப்போ ஓதநீரை, அதாவது ஏறி இறங்கும் கடல்நீரை, மறிக்கிறது. சாலைக்கு அடியில் குழாய் போட்டிருந்தால் அதன் அடிமட்டத்தைப் பாருங்கள். கழியின் தரையைவிட உயரமாக இருந்தால், ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் வற்றத்தில் வெளியேறாது.
- முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறது.
- மேலே கண்மாய்களிலிருந்து வந்துகொண்டிருந்த மறுகால் நீர் நின்றுபோய், உப்பைக் கழுவ நன்னீர் இல்லை.
- மேட்டுப் பகுதியைச் சீமைக்கருவேலம் பிடித்துவிட்டது.

முதல் இரண்டும் காரணமாக இருந்தால் பாதி வேலை சுலபம். வரப்பை இரண்டு மூன்று இடத்தில் உடைத்து, குழாயை இறக்கி வைத்து, முகத்துவார மணலை அகற்றினாலே போதும். வாய்க்காலே தேவைப்படாமல் போகலாம். மூன்றாவது காரணத்துக்கு ஊர்க்குழுவால் உடனே பதில் சொல்ல முடியாது. அந்த இடத்தில் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் வகையை மட்டும் நம்புங்கள், சுரபுன்னை என்னும் மற்றொரு அலையாத்தி வகை வேண்டாம்.

4. நீர்மட்டம் அளப்பது

திட்டத்தின் உயிர் இந்தப் பகுதிதான். நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத் கரையில் பல மீட்டர் ஏறி இறங்கும். அங்கே அரை அடி பிசகினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இங்கே அரை அடி என்பது செடி பிழைப்பதற்கும் சாவதற்கும் உள்ள தூரம்.

தேவையானவை: முக்கால் அங்குல பிவிசி குழாய் 1.5 மீட்டர் துண்டுகளாக ஆறு. கொத்தனார் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் தெளிவான டியூப் லெவல் 15 மீட்டர். நீரில் கரையும் போஸ்டர் கலர். உப்பளவு பார்க்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று.

குழாய்களில் 5 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, மேலிருந்து கீழ் வரை போஸ்டர் கலர் பூசுங்கள். இரண்டு குழாயை, பக்கத்தில் நன்றாக வளர்ந்திருக்கும் கண்டல் மரங்களின் அடியில் ஊன்றுங்கள். மீதி நான்கை உங்கள் இடத்தில், கழி ஓரத்திலிருந்து மேடு வரை ஒரே நேர்கோட்டில் ஊன்றுங்கள். ஒவ்வொன்றிலும் தரைமட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றம் வந்து போன பிறகு சாயம் கரைந்த உயரத்தைப் படியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு முறை, அட்டமி வாக்கில் ஒரு முறை. காற்று பலமாக அடிக்கும் நாள் வேண்டாம், அலை தெறித்து அளவு பொய்யாகும்.

இப்போது கணக்கு. ஒரே ஏற்றத்தில் மரத்தடியில் நீர் 25 செ.மீ., உங்கள் இடத்தில் 5 செ.மீ. என்றால், உங்கள் தரை 20 செ.மீ. உயரம். நீரே எட்டாத குழாய் இருந்தால், டியூப் லெவலால் அதன் தரையையும் மரத்தடித் தரையையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 10 செ.மீ.க்குள் என்றால் மட்டம் சரி. தடை வேறு எங்கோ இருக்கிறது. 10 முதல் 30 செ.மீ. என்றால் வாய்க்கால் வெட்டி மீட்கலாம். அதற்கும் மேலே போனால் அது கண்டல் நிலம் அல்ல; உமரி என்னும் உப்புச்செடி முளைக்கும் தரையாகவே இருக்கட்டும். அதற்கும் பூச்சி உண்டு, பறவை உண்டு.

ஒரு பொறி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடலின் சராசரி மட்டமே நம் பக்கம் உயர்ந்து நிற்கும். அந்த மாதத்தில் மட்டும் அளந்துவிட்டு, நீர் நன்றாக வருகிறது என்று எழுதினால் கோடையில் ஏமாந்துபோவீர்கள். மாசியில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை கட்டாயம் அளக்க வேண்டும்.

உப்புக்கு: ஒரு அடி ஆழம் குழி பறித்து, ஊறி வரும் நீரைச் சோதியுங்கள். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கு. வெண்கண்டல் அதைப் போல் இரு மடங்கு வரை ஒருவாறு சமாளிக்கும். 70-க்கு மேல் காட்டினால், ஒரு மழைக்காலம் வாய்க்காலில் நீர் ஓடிக் கழுவும் வரை நடவைத் தள்ளிப்போடுங்கள்.

5. இலக்கை எழுதுவது

“பல்லுயிர் பெருக வேண்டும்” என்பது இலக்கு அல்ல, மேடைப் பேச்சு. “கிழக்கு ஓடையின் இரண்டு ஏக்கரில், மூன்றாவது வருடக் கோடையில், தானாக முளைத்த கன்றுகள் இருக்க வேண்டும், நண்டுவளை இப்போது இருப்பதைப் போல் இரு மடங்காக வேண்டும்” என்று எழுதினால் பிற்பாடு சரிபார்க்க முடியும். அதற்கு இன்றைய நிலை தெரிய வேண்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பத்து இடத்தில் வைத்து வளைகளை எண்ணுங்கள்; பறவைகளை மாதம் ஒரு முறை, எப்போதும் வற்ற நேரத்தில் எண்ணுங்கள்; இரண்டு நிலையான கல்லில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுங்கள். மடவை, கொடுவா மீன்குஞ்சுகளைப் பற்றிக் கழியில் வலை வீசுகிறவர்களைக் கேட்டு எழுதினால் போதும். பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தை எதுவும் செய்யாமல் விட்டு அங்கேயும் எண்ணுங்கள். மாற்றம் உங்கள் வேலையால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

6. வாய்க்கால்

சித்திரை முதல் ஆடி வரை வெட்டும் காலம். தரை காய்ந்திருக்கும், வலசைப் பறவைகளும் பெரும்பாலும் போயிருக்கும்.

வடிவம் மீன்முள் போல: கழியிலிருந்து ஒரு தாய் வாய்க்கால், அதன் இரு புறமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். தாய் வாய்க்கால் மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். கிளை மேலே 1.5 மீட்டர், அடியில் அரை மீட்டர், ஆழம் 60 செ.மீ. கரை செங்குத்தாக இருந்தால் முதல் மழையிலேயே சரிந்து தூர்ந்துவிடும், அதனால்தான் இந்தச் சரிவு. கிளைகள் கழிமுகத்தைப் பார்த்துச் சாய்ந்து ஏறக்குறைய 45 பாகையில் சேரட்டும்.

கிளையின் கடைசியிலிருந்து கழி வரை அடிமட்டம் இறங்கிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் இருந்தாலும் அதில் தேங்கும் நீர் வெயிலில் சுண்டி உப்புக் குழம்பாகிவிடும். வெட்டி முடித்ததும் ஒரு வற்றத்தில் நடந்து பாருங்கள். நீர் நிற்கும் இடத்தையெல்லாம் அன்றே சரிசெய்யுங்கள்.

செலவுக் கணக்கும் இதிலிருந்தே வரும். தாய் வாய்க்கால் 100 மீட்டர் என்றால் 200 கன மீட்டர் மண். 20 மீட்டர் கிளைகள் பத்து வெட்டினால் 120 கன மீட்டர். மொத்தம் 320. ஈர மண்ணில் ஓர் ஆள் நாளுக்கு 2 கன மீட்டர் என்று வைத்தால் 160 ஆள்நாள். ஜேசிபி மலிவாகத் தோன்றும். ஆனால் அதன் எடையில் சேறு இறுகும், ஒரே நாளில் தேவைக்கு மேல் ஆழமாகவும் தோண்டிவிடும். தாய் வாய்க்காலுக்கு வேண்டுமானால் சரி, கிளைகளுக்கு மண்வெட்டிதான். எடுத்த மண்ணைக் கரையாகக் குவித்தால் நீங்களே புது வரப்புப் போட்டதாகிவிடும். மெல்லப் பரப்பிவிடுங்கள், ஐந்து மீட்டருக்கு ஓர் இடைவெளி இருக்கட்டும்.

மேட்டில் சீமைக்கருவேலம் இருந்தால் இதே காலத்தில் வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் தழைத்துக்கொண்டு வரும். காய் இல்லாத முள்ளை மட்டும் வேலிக்கு எடுத்துக்கொள்ளலாம். காயோடு கொண்டுவந்தால் ஆடு தின்று, புழுக்கையோடு நிலமெங்கும் விதைத்துவிடும்.

7. நடவு, தேவைப்பட்டால்

வாய்க்காலில் ஒரு மழைக்காலம் நீர் ஓடியபின் கரைச்சரிவில் கன்றுகள் தாமாக முளைத்தால் நாற்றுச் செலவை மிச்சப்படுத்துங்கள். வராவிட்டால், மழைக்காலத்தை ஒட்டித் தாய்மரத்தடியில் விழும் வெண்கண்டல் விதைகளைப் பொறுக்குங்கள். ஓட்டை உள்ளதும் கறுத்ததும் வேண்டாம். ஒரு நாள் கழிநீரில் ஊறவைத்தால் மேல்தோல் கழன்றுவிடும். வேர்முனை கீழே இருக்கும்படி, பாதி புதைய மெதுவாக அழுத்தினால் போதும். நாள்கணக்கில் மூட்டையில் வைத்தால் புழுங்கி அழுகிவிடும்.

எந்த உயரத்தில் என்பதற்கு நான்காம் படியின் கணக்கே விடை. மரத்தடியைவிட உங்கள் தரை 20 செ.மீ. உயரம் என்றால், கிளை வாய்க்காலின் விளிம்பிலிருந்து 20 செ.மீ. கீழே நட வேண்டும். அந்த மட்டத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் படி வெட்டிவிட்டால் கன்று சரியாது. மீட்டருக்கு ஒன்று என்றால், 200 மீட்டர் கிளைகளின் இரு கரைக்கும் 400 கன்று. இட்டு நிரப்ப 120 கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. அதற்குப் பிறகு

கன்றில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டினால் அது தேவைக்கு மேல் நீரில் மூழ்குகிறது என்று அர்த்தம். தண்டு உயிரோடு இருந்தும் நுனி கருகினால் காரணம் உப்பு; வாய்க்காலில் அடைப்பைத் தேடுங்கள். மழைக்குப் பின் பச்சைப்பாசி பாய்போல் மூடினால் கையால் எடுத்துவிடுங்கள். சிக்கிய வலைத்துண்டு, பிளாஸ்டிக்கை மாதம் ஒரு முறை நீக்குங்கள்.

மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கை இரண்டாம், மூன்றாம் ஆண்டுத் தூர்வாரலுக்கு இப்போதே ஒதுக்கிவிடுங்கள். வாய்க்கால் முகப்பைப் புரட்டாசியில் ஒரு முறையும் தையில் ஒரு முறையும் திறந்துவிட வேண்டும். கையில் காசு இல்லாமல் அந்த இரண்டு வேலையும் நடக்காது. முதல் சித்திரை முடிந்து எண்ணும்போது பாதிக்கும் குறைவான கன்றுகளே நின்றால், புது நாற்று வாங்காதீர்கள். குழாய்களுக்கு மறுபடி சாயம் பூசி, அடுத்த பௌர்ணமிக்கு மட்டத்தை அளந்து, தாய் வாய்க்காலின் அடியைச் சரிபார்த்த பிறகே அடுத்த விதையை எடுங்கள்.